கடைசிக் கால் மணி நேரம்

"அப்புறம் இன்னா ஆச்சு?"

"அப்புறமா கார்னர் கெடச்சுது. சின்னசேலம் டீம்ல ஒசரமா ஒருத்தர் இருப்பாரே, செவப்பு பனியன் போட்டுக்கினு, அவரு தலையால இடிச்சாரு."

"ஐயோ, உள்ள பூட்டுச்சா?"

"எங்க பூறது? பகலவன் பின்னாலயே பறந்தாரு. பறந்தாருன்னா நெஜமாவே பறந்தாரு. வெரல் நுனிதான் பட்டுது. பந்து மேல் கம்பத்துல மோதி அந்தாண்ட போயிட்டுது."

"அப்போ ஜெயிக்கல?"

"சமம். போர்டுல இருக்குது பாருங்க, ஒண்ணுக்கு ஒண்ணு."

அவள் திரும்பிக் கரும்பலகையைப் பார்த்தாள். பிறகு மூச்சை விட்டுச் சிரித்தாள். "ஒரு வாரமா மண்டைய கொடஞ்சிக்கினு இருந்தது மைக்கண்ணா. பஸ்ல போவசொல்லோ இதே நெனப்பு. நேத்து கணக்குப் போட்டுக்கினு இருக்கசொல்லோ கூட, கடைசியில இன்னா ஆயிருக்கும்னு." கையிலிருந்த தடித்த வழிகாட்டிப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, மைதானத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கும் தூங்குமூஞ்சி மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தாள்.

உண்மையில் அந்தக் கார்னர் அடிக்கப்படவே இல்லை. பந்து கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்த வாய்க்காலில் விழுந்துவிட்டது. எடுத்துத்தர அந்தப் பக்கம் பார்வையாளர் ஒருவரும் இல்லை. சிவப்பு பனியன்காரர் சேற்றில் இறங்கி, செருப்பில்லாமல் கல் மிதித்து, பந்தோடு மேலே ஏறுவதற்குள் நடுவர் கடிகாரத்தைப் பார்த்து விசில் ஊதிவிட்டார். சங்கராபுரம் அணியின் கீப்பர் பகலவன் அந்த நேரம் முழுவதும் கம்பத்தில் சாய்ந்து முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார்.

என் பெயர் தமிழழகன். கள்ளக்குறிச்சியில் சொந்தமாக ஒரு மைக் செட் வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சொல்லும் இரங்கல் செய்தி எல்லாவற்றுக்கும் கூப்பிடுவார்கள். தை மாதம் தொடங்கிப் பங்குனி வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பந்துப் போட்டி. உரக்கடை தெய்வசிகாமணிதான் அதை நடத்துகிறார். அவருக்குப் பேச வராது, எனக்கு விளையாட வராது. அதனால் ஆட்டத்தை விவரித்துச் சொல்வதும் என் வேலையாகிவிட்டது.

பேசுவது என் தொழில். ஆனால் மைக்கில் பேசுகிறவனுக்கு யாரும் பதில் சொல்வதில்லை. ஆயிரம் பேர் கேட்கும்படி ஒரு நாள் முழுவதும் கத்திவிட்டு, கடைக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர்களும் ஒயர்ச் சுருள்களும் அடைந்த அறையில் போய்ப் படுத்தால், அன்றைக்கு ஒரு ஆளும் என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை என்பது நினைவுக்கு வரும். வீட்டார் எலவனாசூர்கோட்டையில் அண்ணனோடு இருக்கிறார்கள். அவர்களுக்கும் என் குரல் பழகிப்போய்விட்டது.

எங்கள் ஊரில் கடைசி விசிலை யாரும் கேட்பதில்லை. நாலரைக்கு ஆட்டம் தொடங்கும்போது மைதானத்தைச் சுற்றி ஆள் நிற்க இடமிருக்காது. ஐந்தே காலுக்கு முதல் சலசலப்பு வரும். பால் கறக்கிறவர்கள் எழுந்திருப்பார்கள். சொசைட்டியில் ஆறு மணிக்கு மேல் பால் வாங்க மாட்டார்கள். அடுத்து, ஆறு மணிக்கு மும்முனைக் கரண்ட் வரும் ஊர்க்காரர்கள். மோட்டார் போட வேண்டும். பிறகு சங்கராபுரம் பக்கத்து டூ வீலர்கள் வரிசையாக உறுமும். ஆடுகிறவர்களிலும் அப்படி உண்டு. ஒருமுறை எலவனாசூர்கோட்டையின் தடுப்பாட்டக்காரர், எருமை கன்று போடப் போகிறதென்று வீட்டிலிருந்து போன் வந்ததும், நடுவரைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பியே போனார். சீக்கிரம் ஆரம்பித்துப் பார்க்கலாமே என்று ஒரு வருடம் மூன்று மணிக்கு வைத்தார்கள். வெயிலில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். பழையபடி நாலரைக்கே வந்துவிட்டது.

எல்லோருக்கும் கடைசியில் மலைக்காரர்கள். கல்வராயன் மலையிலிருந்து சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வந்தவர்கள், பஸ் வரும்வரை பொழுதைப் போக்க மைதானத்தில் உட்கார்ந்திருப்பார்கள். வெள்ளிமலையைத் தாண்டிப் போகும் கடைசி பஸ் ஐந்து ஐம்பதுக்கு. பஸ் நிலையம் பத்து நிமிட நடை. அதனால் ஐந்து முப்பத்தைந்துக்கு நான் ஆட்டம் சொல்வதை நிறுத்திவிட்டு ஓர் அறிவிப்பு செய்வேன். "அன்பான பார்வையாளர்களே, மலைக்குச் செல்லும் கடைசிப் பேருந்து ஐந்து ஐம்பதுக்குப் புறப்படும். இப்போதே கிளம்புகிறவர்களுக்கு உட்கார இடம் கிடைக்கும்." தெய்வசிகாமணிக்கும் முந்தைய காலத்திலிருந்து வரும் வழக்கம் அது. அவர்கள் கையில் கடிகாரம் உண்டு, போன் உண்டு. ஆனால் பார்க்க மாட்டார்கள். மைக் சொன்னதும் பையைத் தூக்குவார்கள்.

அதற்குப் பிறகு கால் மணி நேரம். மைதானத்தில் இருபத்திரண்டு பேர், ஒரு நடுவர், நான். ஆம்ப்ளிஃபயரையும் குழாய்களையும் கட்டி ஏற்றாமல் நான் நகர முடியாது. ஆளில்லாத நாற்காலிகளைப் பார்த்து நான் ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

இசைவாணியும் மலைக்காரிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் குரூப் நான்கு தேர்வு வகுப்புக்காகக் கீழே வருவாள். வகுப்பு மூன்றரைக்கு முடிந்துவிடும். பஸ் நிலையத்தில் தனியாக உட்கார்ந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பார்ப்பார்கள் என்று மைதானத்துக்கு வந்தவள். முதல் வாரம் ஒரு பச்சைக் குடையை விட்டுவிட்டுப் போனாள். நான் மைக்கில் சொன்னபோது அவள் காச்சிராயபாளையத்தைத் தாண்டியிருப்பாள். அடுத்த வாரம் குடையை வாங்கிக்கொள்ள மேசைக்கு வந்தவள், போகத் திரும்பி, தயங்கி, "சும்மாதான் கேக்கறேன். அன்னிக்கி நான் எழுந்து போவசொல்லோ ஒருத்தர் பந்த எடுத்துக்கினு தனியா ஓடினாரே, கோல் போட்டாரா?" என்றாள்.

அவர் கால் தடுக்கி விழுந்திருந்தார். விழுந்தவரைத் தூக்க யாரும் போகவில்லை. அதை எப்படிச் சொல்வது? ஒரு வாரம் முழுவதும் ஒருத்தி மலை மேலே அந்த ஓட்டத்தை மனதில் வைத்திருந்திருக்கிறாள். நான் சொன்னேன், மூன்று பேரை ஏமாற்றிக்கொண்டு போனார் என்று, கீப்பர் காலில் விழுந்து தடுத்தார் என்று, இரண்டு பேரும் எழுந்து ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள் என்று. அவள் கண்ணை அகல விரித்துக் கேட்டாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் நாலு மணிக்கு வந்து நிற்பாள். அப்புறம் இன்னா ஆச்சு? அதற்காகவே நான் வாரம் முழுக்கத் தயாரானேன் என்று சொன்னால் மிகையில்லை. பந்தல் மேலே ஏறிக் குழாய் கட்டும்போது, இரங்கல் ஆட்டோவில் போகும்போது, அந்தக் கால் மணி நேரத்தை மறுபடி மறுபடி ஆடிப் பார்ப்பேன். ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன். ஸ்கோரை மட்டும் மாற்ற மாட்டேன். அது கரும்பலகையில் எழுதியிருக்கும். அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது மட்டும் என்னுடையது.

வேர்க்கடலை விற்கும் பச்சையம்மாளுக்கு மட்டும் சந்தேகம்.

"இன்னாடா தமிழு, அந்தப் பொண்ணுகிட்ட இன்னா அளந்துக்கினு இருக்கிற? பகலவன் பறந்தானா? அவன் மூணு மூட்டை நெல்லு எடைக்கு இருக்கிறான், அவனாவது பறக்கறதாவது."

"நீங்கதான் அஞ்சரைக்கே கெளம்பிட்டீங்களேக்கா. நீங்க எங்க பாத்தீங்க?"

"கடலை தீந்துச்சு, கெளம்பிட்டேன். உன்ன மாதிரி காலி சேருக்கு வாய் கிழிய பேசிக்கினு நிக்க எனக்கு இன்னா தலையெழுத்து?"

சிரித்தேன். அவள் போன பிறகு அந்த வார்த்தை மட்டும் மேசை மேல் உட்கார்ந்திருந்தது.

இறுதிப்போட்டிக்கு முந்தைய ஞாயிறு, இசைவாணி வந்தவுடன் கேள்வி கேட்கவில்லை. மேசை விளிம்பில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வாரத்தோட கிளாஸ் முடியுதுண்ணா. அப்புறம் பரீட்சைதான்."

"அடுத்த வாரம் ஃபைனல்."

"அதான். ஃபைனல் எப்படி முடிஞ்சுதுன்னு யாருகிட்ட கேக்கறது நானு?" கோடு போட்ட விரலை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள்: "ஒரு வாட்டியாவது விசில் வரைக்கும் இருந்து பாக்கணும். நீங்க சொல்றத கேட்டு கேட்டு, நான் பாத்துட்டுப் போறதெல்லாம் சும்மா, மெய்யான மேட்ச்சு அதுக்கப்புறந்தான் நடக்குதுன்னு ஆயிப்போச்சு. எங்கப்பா கூட கேப்பாரு. பஸ்ஸு நிக்கற எடத்துல டார்ச்ச எடுத்துக்கினு வந்து நிப்பாரு, அங்கேருந்து வூடு ரெண்டு மைலு. நடந்துக்கினே போன வாரத்து முடிவ சொல்லிக்கினு போவேன். பகலவன்னா அவருக்கு உசுரு."

போன் நம்பர் கேட்டிருக்கலாம். அவள் ஊரில் சிக்னல் கிடைக்காது என்பது எனக்கு நல்ல சாக்காக இருந்தது.

இறுதிப்போட்டி சங்கராபுரத்துக்கும் வடக்கனந்தலுக்கும். சிறப்பு விருந்தினர் இருபத்தைந்து நிமிடம் தாமதமாக வந்தார். சால்வை, மாலை, கைகுலுக்கல், போட்டோ. "இன்னும் சற்று நேரத்தில்" என்று நான் ஏழெட்டு முறை சொன்னேன். ஆட்டம் தொடங்கும்போது ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம்தான் இருந்தது. இடைவேளையையும் சுருக்கினார்கள். இரண்டாவது பாதிக்கு விசில் ஊதியபோது என் மேசைக் கடிகாரம் ஐந்து முப்பத்தைந்து காட்டியது.

தூங்குமூஞ்சி மரத்தடியில் பதினைந்து இருபது மலைக்காரர்கள் இருந்தார்கள். இசைவாணி முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். புத்தகம் மூடியிருந்தது. பச்சைக் குடை பக்கத்தில் கிடந்தது.

சொல்ல வேண்டிய வாக்கியம் எனக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். மைக்கை வாயருகே கொண்டுபோனேன். "வடக்கனந்தல் அணி வலது பக்கமாக முன்னேறுகிறது" என்றேன்.

இன்னும் இரண்டு நிமிடம், அதற்குள் ஒரு கோல் விழுந்தால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்தேன். ஐந்து நாற்பது. இப்போது சொன்னாலும் ஓடினால் பிடித்துவிடலாம். பந்து நடுக்கோட்டிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. நாற்பத்து மூன்று. இப்போது சொன்னால் ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்பார்கள். அதற்குப் பிறகு நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என் குரல் மட்டும் முன்னைவிட உயர்ந்து, வேகமாக, நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. ஒன்றுமே நடக்காத ஆட்டத்தை அப்படி ஒரு வேகத்தில் நான் சொன்னதே இல்லை. அவள் முகம் பந்து போகும் பக்கமெல்லாம் திரும்பியது.

"டேய் தமிழு! மலை பஸ்ஸுக்கு சொன்னியா?"

கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய பச்சையம்மாள் மேசைக்கு முன்னால் நின்றிருந்தாள். மைக் திறந்திருந்தது. அவள் குரல் நான்கு குழாய்களிலும் மைதானம் முழுக்கக் கேட்டது.

மரத்தடியில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். பைகளும் துண்டுகளும் மருந்துச் சீட்டுகளும் கையில் அகப்பட்டபடி வாசலை நோக்கி ஓடினார்கள். சாலம்மாள் என்ற நடுவயதுப் பெண் ஓடிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள். இசைவாணியும் ஓடினாள். பின்னால் மற்றவர்களும், ஃபைனல் என்று அன்று தங்கியிருந்த பால்காரர்களும் மோட்டார்காரர்களும், எங்கோ தீப்பிடித்தது போலக் கிளம்பினார்கள். சிறப்பு விருந்தினரின் காரும் போயிற்று. ஐந்து நிமிடத்தில் மைதானம் எல்லா ஞாயிறும் போல ஆகிவிட்டது.

இசைவாணி மட்டும் திரும்பி வந்தாள். அப்போது மணி ஆறு அடிக்கப் போகும் நேரம்.

"பூட்டுது" என்றாள். மூச்சு வாங்கியது. "எல்லாரும் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர்கிட்ட சண்ட போட்டுக்கினு இருக்கறாங்க. கொடைய வுட்டுட்டேன்."

குடையை எடுத்துக்கொண்டவள் போகவில்லை. விருந்தினர்களுக்குப் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றை இழுத்து என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சரி. எப்படியும் பூட்டுது. இதையாவது பாக்கறேன்."

ஆறு வாரமாக நான் விரும்பியது இதுதான். அந்தக் கால் மணி நேரத்தில் எனக்குப் பக்கத்தில் ஒரு ஆள். மைக்கை அணைத்துவிட்டேன்.

அவள் பார்த்தாள். நானும் அவள் கண்ணால் பார்த்தேன்.

வடக்கனந்தலின் முன்வரிசைக்காரர் ஒருவர் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இன்னொருவர் அவர் காலைத் தூக்கி நீவிவிட்டார். ஆட்டம் அவர்களைச் சுற்றிக்கொண்டு மெதுவாகப் போனது. யாரோ ஓங்கி உதைத்ததில் பந்து பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் விழுந்தது. எல்லோரும் இடுப்பில் கை வைத்து நின்றார்கள். பகலவனே போனார். தோகை சலசலத்தது. நெடுநேரம் கழித்துக் கை முழுக்கக் கீறலோடு, பந்தை இடுக்கிக்கொண்டு, சொறிந்தபடி வெளியே வந்தார். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், ஊதினார். அந்தச் சத்தம் அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அதுவரை எனக்கே தெரியாது.

கோல் எதுவும் இல்லை. பெனால்டி அடிக்க வெளிச்சம் போதாது. எங்கள் போட்டியில் அப்படி ஆனால் கோப்பை ஆளுக்கு ஆறு மாதம். முதல் ஆறு மாதம் யாருக்கு என்பதற்கு நாணயம் சுண்ட வேண்டும். நடுவரிடம் நாணயம் இல்லை. ஆடுகிறவர்களின் கால்சட்டையில் பையே கிடையாது. இசைவாணி தன் பர்ஸைத் திறந்து ஒரு நாணயம் கொடுத்தாள். அது உயரப் போய்ப் புல்லில் விழுந்து காணாமல் போயிற்று. நடுவரும் இரண்டு அணித் தலைவர்களும் குனிந்து, போன் வெளிச்சத்தில் தேடினார்கள். "தலை" என்றார் ஒருவர். வடக்கனந்தல்காரர்கள் மூன்று பேர் கை தட்டினார்கள். தெய்வசிகாமணி கோப்பையைச் செய்தித்தாளில் சுற்றி உரச் சாக்கில் போட்டுக் கொடுத்தார். நடுவர் ஞாபக மறதியாக நாணயத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டு போனார்.

"இவ்ளோதானா?" என்றாள் இசைவாணி.

நான் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தேன்.

"மைக்கண்ணா. எல்லா வாரமும் இப்டிதானா?"

"சில வாரம்..."

"அந்தக் கார்னரு? வெரல் நுனி?"

"பந்து வாய்க்கால்ல வுழுந்துட்டுது. எடுத்தாற ஆளில்ல. விசில் ஊதிட்டாங்க."

"பகலவன்?"

"சொறிஞ்சிக்கினு நின்னாரு."

அவள் சிரிப்பாள் என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன். அவள் கரும்புத் தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கப்பாகிட்ட சொன்னேனே நானு" என்றாள் மெதுவாக. "இப்போ டார்ச்ச எடுத்துக்கினு கெளம்பியிருப்பாரு. பஸ்ஸு வரும், நான் எறங்க மாட்டேன். போன் பண்ணவும் முடியாது."

எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. அவள் இங்கே இருப்பதை மட்டுமே நான் நினைத்திருந்தேன். அங்கே ஒருவர் பஸ் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நினைக்கவில்லை.

"பஸ்ஸுக்கு சொல்ல மறந்துட்டீங்களாண்ணா?"

அவள் என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள், வழக்கமாகக் கேட்பது போலவே.

"மறந்துட்டேன்" என்றேன்.

ஸ்கோரை நான் மாற்றியது அந்த ஒரு தடவைதான்.

அவள் நம்பவில்லை என்று தெரிந்தது.

தெய்வசிகாமணி தன் கடையின் குட்டியானை வண்டியை வரவழைத்தார். மலைக்காரர்கள் எல்லோரையும் அதில் ஏற்றினார். சாலம்மாள் பின்பலகையைப் பிடித்து ஏறும்போது, "உன் மைக்க நம்பி உக்காந்தோம் பாரு, எங்கள சொல்லணும். வூட்ல பசங்க ரெண்டும் வாசப்படியில உக்காந்திருக்கும்" என்றாள். தெய்வசிகாமணி என்னிடம், "இன்னாப்பா தமிழு, எத்தினி வருசத்து பழக்கம், இப்டி வுட்டுட்டியே" என்றார். இசைவாணி ஓட்டுநர் அறையின் பின்தகட்டில் தோளைச் சாய்த்து, முகத்தைப் போகும் திசைக்குத் திருப்பி உட்கார்ந்தாள். குடை மடியில் இருந்தது. வண்டி கிளம்பியதும் மைதானத்தில் கொக்குகள் வந்து இறங்கின. அவை எல்லா ஞாயிறும் வருகிறவை. கூட்டம் போனதும் புல்லில் பூச்சி பொறுக்க வரும். இதை நான் அவளிடம் ஒரு முறை கூடச் சொன்னதில்லை.

அடுத்த தை வந்தது. முதல் ஞாயிறு அவளைப் பார்த்தேன். பரீட்சையில் கொஞ்சத்தில் தவறிவிட்டது, மறுபடி வகுப்புக்கு வருகிறாள் என்று பச்சையம்மாள் சொன்னாள். அதே மரத்தடி, அதே குடை, புதிய வழிகாட்டிப் புத்தகம். நாலு மணிக்கு மேசையைக் கடந்துதான் போனாள். கரும்பலகையைக் கூடப் பார்க்கவில்லை.

மலைக்காரர்கள் இப்போது என் அறிவிப்புக்குக் காத்திருப்பதில்லை. இடைவேளைக்கு விசில் ஊதியதும் எழுந்துவிடுகிறார்கள். நான் ஐந்து முப்பத்தைந்துக்கு அந்த வாக்கியத்தைச் சொல்லத்தான் செய்கிறேன். தெய்வசிகாமணி அதைக் கண்டிப்பாகச் சொல்லச் சொல்லியிருக்கிறார். மரத்தடியில் ஒருவரும் இல்லாதபோது சொல்கிறேன். இசைவாணி எல்லோருக்கும் முன்னால் நடப்பாள். போன வருடம் கால் மணி நேரம்தான் பார்க்காமல் போனாள். இந்த வருடம் ஒரு பாதி ஆட்டத்தையே பார்ப்பதில்லை.

என்னிடம் கேட்க யாரும் இல்லாததால் நானும் இட்டுக்கட்டுவதில்லை. பார்க்கிறேன், அவ்வளவுதான். பார்க்கப் பார்க்க அந்தக் கால் மணி நேரத்தில் நிறைய நடக்கிறது. ஒரு செவலை நாய் நடுக்கோட்டில் வந்து படுத்துக்கொள்ளும். ஆட்டக்காரர்கள் அதைத் தொந்தரவு செய்யாமல் சுற்றிக்கொண்டு ஓடுவார்கள். கூட்டம் இருக்கும்வரை ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தவர்கள், கூட்டம் போனதும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பந்தைக் கேட்பார்கள். பகலவன் கம்பத்தில் சாய்ந்துகொண்டு ஏதோ ஒரு மெட்டை முனகுவார். காற்று என் பக்கம் அடித்தால் கேட்கும். நல்ல குரல்.

மூன்றாவது ஞாயிறு இடைவேளைக்கு விசில் ஊதினார்கள். இசைவாணி எழுந்து, பாவாடையில் ஒட்டிய சருகைத் தட்டிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள். பின்னால் சாலம்மாளும் மற்றவர்களும். மேசையிலிருந்து அவள் இருபதடி தூரத்தில் போனாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஆனால் வெறும் வாயால் ஒரு ஆளைக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை.

மைக்கைப் போட்டேன். நான்கு குழாய்களும் ஒருமுறை கீச்சிட்டு அடங்கின.

"மலைக்குச் செல்லும் பார்வையாளர்களின் அன்பான கவனத்துக்கு" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் அறிவிப்புக் குரல் வரவில்லை. "பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குது. நான் மறக்கல. அன்னிக்கும் மறக்கல."

சாலம்மாள் நின்றாள். கடலைப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த பச்சையம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். பச்சைக் குடை வாசலை நெருங்கியிருந்தது.

"கெளம்பறதுக்கு முன்னால ஒரே ஒரு வாட்டி கேளுங்க. போன வாரம் இன்னா ஆச்சுன்னு கேளுங்க. நடந்தத நடந்தபடி சொல்றேன்."